மக்களவைச் செங்கோல்

புதுதில்லி நாடாளுமன்றத்தின் புதிய கட்டடத்தில் மக்களவைத் தலைவர் இருக்கையருகே வைக்கப்பட்டுள்ள கோல். சுமார் 5 அடி உயரம். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது. உச்சியில் நந்தி அமர்ந்திருக்கிறது. குத்தாலத்தை அடுத்துள்ள திருவாவடுதுறை ஆதீனம் என்ற சைவ மடத்துக்காக, சென்னை உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடையார் செய்தளித்தனர்.

1947 ஆகஸ்ட் 14 மாலை, நேருவின் தில்லி இல்லத்தில் ஆதீனத்தார் நாதஸ்வர இசையோடு சென்று இதை அவரிடம் அளித்தனர். முதலில் வைஸ்ராய் மவுண்ட்பேட்டனிடம் கொடுத்து வாங்கியதாகவும், அதுவே ஆட்சி மாற்றத்தின் அடையாளம் என்றும் சொல்வதற்கு உறுதியான ஆவணம் காட்டப்படவில்லை. பிறகு கோல் அலகாபாத் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே அதன் குறிப்பட்டையில் இருந்தது 'தங்கக் கோல்' என்ற விவரம்தான்!

2023 மே 28 அன்று, தமிழக ஆதீனத் தலைவர்கள் சூழ, பிரதமர் மோடி இதை மக்களவையில் நிறுவினார். முடியாட்சியைக் கைவிட்ட குடியரசின் அவையில் மன்னர் சின்னம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. 2024 ஜூனில் சமாஜ்வாதி உறுப்பினர் ஆர்.கே. சவுத்ரி இதை அகற்றி அரசியலமைப்பு நூலை வைக்கக் கோரினார். கோல் நெறி தவறாத ஆட்சியைக் குறிக்கிறது என்பது ஆதரவாளர் வாதம்.

அவை நடக்கும்போது பார்க்க, உறுப்பினர் பரிந்துரையோடு பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச்சீட்டு பெற வேண்டும், கைப்பேசிக்கு அனுமதியில்லை.