மோர்காவின் நூலும் ரிசாலின் அடிக்குறிப்புகளும்

1888 மே மாதம் லண்டன் வந்து சேர்ந்தபோது பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹொசே ரிசாலுக்கு வயது 26. முந்தைய ஆண்டு பெர்லினில் அச்சான அவருடைய 'நோலி மே தாங்கெரே' நாவல், பிலிப்பைன்ஸைத் தங்கள் பிடிக்குள் வைத்திருந்த ஸ்பானியத் துறவிகளைக் கொதிக்க வைத்திருந்தது. சொந்த ஊரான காலம்பாவுக்குப் போனவர், ஆறே மாதத்தில் மீண்டும் கப்பலேற வேண்டியதாயிற்று. ஹாங்காங், ஜப்பான், அமெரிக்கா என்று சுற்றிக்கொண்டு இங்கிலாந்து வந்தார்.

அடுத்த நாவலை உடனே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 'ஸ்பெயின் வருமுன் நீங்கள் காட்டுமிராண்டிகள்' என்று மூன்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த பொய்க்குச் சான்றோடு பதில் சொல்ல நினைத்தார். பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்குப் போனார். இந்தியா ஆபீஸ் நூலகரும் கீழை மொழி அறிஞருமான ரைன்ஹோல்ட் ரோஸ்ட் அவருக்குத் துணை நின்றார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது பிலிப்பைன்ஸைப் பற்றி அந்தோனியோ தே மோர்கா எழுதிய வரலாற்று நூல். 1595 முதல் 1603 வரை மணிலாவில் உயர் பதவி வகித்த ஸ்பானியர் மோர்கா. நூல் 1609இல் மெக்சிகோவில் வெளியானது. துறவிகள் எழுதிய வரலாறுகள் எத்தனையோ இருக்க, ஓர் அரசு அதிகாரியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியதில்தான் ரிசாலின் கூர்மை தெரிகிறது. எதிராளியின் சாட்சியை எதிராளியே மறுக்க முடியாதல்லவா!

முழு நூலையும் கையாலேயே படியெடுத்தார். பிறகு வரிக்கு வரி குறிப்பு எழுதினார். மீன் அழுகத் தொடங்கும்போதுதான் இந்த மக்களுக்கு ருசிக்கும் என்று ஓரிடத்தில் மோர்கா எழுதிப் போகிறார். ரிசால் விடவில்லை. அது அழுகிய மீனல்ல, உப்பிட்டுப் புளிக்கவைத்த 'பகோங்'. பழக்கமில்லாத உணவைக் கண்டால் எந்த நாட்டாருக்கும் அருவருப்புத்தான், ஸ்பானியருக்கும் அப்படித்தான் என்று அடியில் எழுதினார். ஒரு சாப்பாட்டுத் தட்டின் மானத்தைக்கூட விட்டுக்கொடுக்காத அந்தக் குறிப்பை என்னால் மறக்க முடியவில்லை. ஸ்பெயின் வருமுன்பே அங்கே பீரங்கி வார்த்தார்கள், பெரிய கப்பல்கள் கட்டினார்கள் என்பதையும் குறிப்புகளில் பதிவுசெய்தார்.

பதிப்புச் செலவை ஏற்பதாகச் சொன்னவர் பின்வாங்கிவிட்டார். ரிசால் பாரிஸுக்குப் போய், கார்னியே அச்சகத்தில் நூலைக் கொண்டுவந்தார். தலைப்புப் பக்கத்தில் 1890 என்றிருக்கிறது.

முன்னுரை எழுதியவர் பொஹீமியாவிலிருந்த அவருடைய நெருங்கிய நண்பர் பெர்டினாண்ட் புளூமென்ட்ரிட். பாராட்டியதோடு, பழைய காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கிறார் ரிசால் என்று குறையும் சொன்னார். அது நியாயமான குறைதான். பழைய பிலிப்பைன்ஸ் சமூகத்தில் இருந்த அடிமை முறையை ரிசாலின் குறிப்புகள் மென்மையாக்கிக் காட்டுகின்றன. ஆனால் தன்னைக் குறைசொல்லும் முன்னுரையைத் தன் நூலின் முகப்பிலேயே அச்சிட்டார் பாருங்கள், அந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்?

அதே ஆண்டுகளில் காலம்பாவில் ரிசால் குடும்பத்துக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான டொமினிக்கன் துறவிகளுக்கும் குத்தகைத் தகராறு முற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.