ஜொகூர் ஆறு காத்த பொற்காசுகள்

ஒரு நாட்டின் பழமையை அறியத் துணைபுரியும் சான்றுகளுள் காசுகளுக்குத் தனியிடம் உண்டு. ஏடுகள் செல்லரித்துப் போகலாம். மரத்தால் எழுந்த அரண்மனைகள் தீக்கு இரையாகலாம். வென்றவன் தோற்றவனின் பெயரை மறைத்தும் எழுதலாம். ஆனால், அரசன் தன் பெயரைப் பொறித்து வெளியிட்ட பொற்காசு, சேற்றில் நூற்றாண்டுகள் புதைந்து கிடந்தாலும் தன் சாட்சியத்தை இழப்பதில்லை. இவ்வுண்மையை ஜொகூரின் வரலாறு நன்கு விளக்குகிறது.

1511இல் மலாக்கா போர்த்துகீசியர் கைக்கு வீழ்ந்தது. அரசிழந்த சுல்தான் மஹ்மூத் ஷா 1528இல் சுமத்திராவிலுள்ள கம்பாரில் காலமானார். அவர் மகன் அலாவுதீன் ரியாயத் ஷா ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிலைநாட்டினார். அவ்வரசுக்கு அமைதி வாய்க்கவில்லை. 1564இல் ஆச்சே படையெடுத்தது; 1587இல் போர்த்துகீசியர் ஜொகூர் லாமாவை அழித்தனர்; 1613இல் ஆச்சே மீண்டும் வந்து பத்து சாவாரைத் தாக்கியது; 1673இல் ஜம்பியின் படை ஜொகூரின் தலைநகரைச் சூறையாடியது. ஒவ்வோர் அழிவுக்குப் பின்னும் தலைநகர் இடம்பெயர்ந்தது. அவ்வரசு தன் கையாலேயே விட்டுச்சென்ற எழுத்துச் சான்றுகளுள் காசுகள் முதன்மையானவை.

ஜொகூரின் பொற்காசுகள் மாஸ், குபாங் என இருவகைப்படும். மாஸ் ஏறத்தாழ இரண்டரை கிராம் எடையுள்ளது. குபாங் அதில் நான்கில் ஒரு பங்கு. ‘மாஸ்’ என்னும் சொல் ‘மாஷ’ என்னும் வடமொழி எடைப்பெயரின் வழிவந்தது என்பது, இந்தியாவுக்கும் இத்தீவகற்பத்துக்கும் இடையே நிலவிய பழந்தொடர்பை நினைவூட்டுவதாகும்.

பழங்காசுகளைத் திரட்டத் தொடங்கும் ஒருவர், முதலில் கிரேக்க வெள்ளிக்காசுகளின் பால் ஈர்க்கப்படுவது இயல்பு. ஏதென்ஸ் நகரின் காசு பதினேழு கிராம் எடையுள்ள பெரிய வெள்ளி வட்டம். அதன் ஒருபுறம் அதீனா தெய்வத்தின் முகமும் மறுபுறம் ஆந்தையும் உண்டு. எழுத்தறியாதவரும் அதனை இனங்காண இயலும். ஜொகூர்க் காசில் முகமும் இல்லை, விலங்கும் இல்லை. அரபு எழுத்தில் ஒருபுறம் சுல்தானின் பெயரும், மறுபுறம் கலீஃபா என்னும் பட்டமும் மட்டுமே காணப்படும். வட்டக் காசுகளோடு எட்டுப்பட்டைக் காசுகளும் உள்ளன. எனவே, இக்காசுகளை அறிய விரும்புவோர் எழுத்தைப் படிக்கக் கற்பதே முதற்படி.

படித்த பின்னும் ஐயம் தீர்வதில்லை. அலாவுதீன் ரியாயத் ஷா என்னும் பெயரையும் அப்துல் ஜலீல் ஷா என்னும் பெயரையும் ஜொகூர் அரியணையில் ஒருவருக்கு மேற்பட்டோர் தாங்கியிருந்தனர். காசிலோ ஆண்டு இல்லை. ஆதலால் எடை, வடிவம், எழுத்தின் அமைதி, கிடைத்த இடம் ஆகிய நான்கையும் ஒருங்கே ஆராய்ந்தே எந்தச் சுல்தானின் காசு எனத் துணிய வேண்டும். போலிகளையும் நோக்குக. அச்சால் அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். வார்த்தெடுத்த போலியில் எழுத்து மழுங்கியிருக்கும். நுண்ணிய குழிகளும், விளிம்பில் வார்ப்பின் தையலும் தென்படக்கூடும்.

மேற்கூறிய நான்கனுள் கிடைத்த இடமே எளிதில் தொலைந்துபோவது. எடையையும் வடிவத்தையும் எந்நாளும் அளக்கலாம். இடத்தை அன்றே குறித்தாலன்றிப் பின்னர் அறிய வழியில்லை. ஜொகூரில் சுங்கத் துறை அலுவலராகப் பணியாற்றிய ஜெரால்டு கார்ட்னர் இத்துறையில் நினைக்கத்தக்கவர். வரலாற்றுப் பேராசிரியரல்லாத அவர், ஜொகூர் ஆற்றிலிருந்து கிடைத்த பழம்பொற்காசுகளைப் பற்றிய குறிப்புகளை 1933இல் அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் வெளியிட்டார். அக்கட்டுரையின் தலைப்பிலேயே ஆற்றின் பெயர் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. கோட்டையையும் குடியிருப்பையும் பற்றிய ஆய்வு ஜொகூர் லாமாவில் 1953இல் நடைபெற்றது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே காசுகள் பேசத் தொடங்கிவிட்டன.

தமிழகத்திலும் இதற்கு இணையான செய்தி உண்டு. தினமலர் நாளிதழின் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி (1933-2021), பெருவழுதி என்னும் பெயர் பொறித்த பாண்டியர் காசை அறிஞருலகிற்கு அறிமுகப்படுத்தினார். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த கிரேக்கக் காசுகளையும் ஆராய்ந்து வெளியிட்டார். அக்காசுகள் ஐரோப்பிய அங்காடியொன்றில் கிடைத்திருப்பின் வெறும் சேகரிப்புப் பொருள்களே. கரூரில் கிடைத்தமையால் அவை மேலைக் கடல் வணிகத்துக்குச் சான்றாயின. ஒரே காசு, இடம் அறியப்பட்டால் வரலாறு. அறியப்படாவிட்டால் வெறும் உலோகம்.

இதனை உணராமையால் நேரும் இழப்பு பெரிது. ஒரு மாஸ் காசின் பொன், ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கும் தேறாது. அதனை உருக்குபவன் பெறுவது அவ்வளவே. நாடு இழப்பதோ ஒரு மன்னனின் கையொப்பம். காசுமாலையில் கோக்கத் துளையிடுவதும், பளபளப்புக்காகத் தேய்ப்பதும் எழுத்தைச் சிதைப்பனவே. மண்ணிலிருந்து கிடைக்கும் பழம்பொருளை உரிய அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் பணிக்கிறது. அது வெறும் கட்டுப்பாடன்று. கிடைத்த இடத்தை வரலாற்றுக்குக் காப்பாற்றித் தரும் ஏற்பாடாகும்.

தோட்டத்திலும் ஆற்றங்கரையிலும் வாழும் எளிய மனிதரே பெரும்பாலும் இத்தகைய பொருள்களை முதலில் காண்பவர். ஆகவே, காசின் விலையை அறிவதற்கு முன் அதன் பொருளை அறியும் கல்வி அவர்களைச் சென்றடைதல் வேண்டும். முறைப்படி வாங்கிச் சேர்ப்போரும் ஒவ்வொரு காசுடனும் அதன் எடை, கிடைத்த இடம், பெற்ற நாள் ஆகியவற்றை எழுதி வைத்தல் கடமையாகும். தலைநகர்களை இழந்தும் தன் பெயரை இழக்காத ஓர் அரசின் நினைவு, அத்தகைய சிறு குறிப்புகளால்தான் வருங்காலத்துக்கு எஞ்சும்.