உடற்குறையுற்றோர் உதவித்தொகையும் கடன் பற்றுகையும்

கடன்பட்டவனது பொருளை நீதிமன்றத்தின்வழிப் பற்றுதல் கடன் கொடுத்தோரின் பழைய உரிமை. அவ்வுரிமைக்கு அமெரிக்கச் சட்டம் இட்ட வரம்பொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். 1935-இல் இயற்றப்பெற்ற சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், இந்நாள் 207-ஆம் பிரிவாக உள்ள பகுதி, கொடுக்கப்படவேண்டிய தொகையை மட்டுமன்றிக் கொடுக்கப்பட்ட தொகையையும் பற்றலாகாது என விலக்கிற்று. 1956-இல் உடற்குறையால் உழைக்கவியலாதார்க்குரிய உதவித்தொகை அச்சட்டத்திற் சேர, இக்காப்பும் உடன்சேர்ந்தது.

'கொடுக்கப்பட்ட' என்னும் இறந்தகாலப் பெயரெச்சத்தின் வலிமை 1973-இல் விளங்கிற்று. தாம் பெற்ற நல உதவியைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்திருந்த ஒருவரது நிலுவை உதவித்தொகை 1,864 டாலர் வங்கியில் இருந்தது. நியூ ஜெர்சியின் எஸ்ஸெக்ஸ் மாவட்ட நல வாரியம் அதனைக் கோரிற்று. வங்கியில் இட்டமையால் அத்தொகையின் இயல்பு மாறாதென்றும், கடன் கொடுத்தோர் அரசினரேயாயினும் விலக்கு அவரையும் கட்டுப்படுத்துமென்றும் உச்சநீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்த்தது. பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை, கூட்டாட்சி அரசின் கடன் போல்வன இதற்குப் பிற்காலச் சட்டங்கள் வகுத்த புறனடைகள்.

எனினும் ஏட்டிலிருந்த காப்பு கைக்கெட்டவில்லை. பற்றாணை வந்ததும் வங்கிகள் கணக்கையே முடக்கின. விலக்குண்டென நிறுவும் சுமை உதவி பெறுவோர்மேல் வீழ்ந்தது. வாடகைக்கும் மருந்துக்கும் பணமின்றி நிற்பவர் நீதிமன்றம் ஏறுதல் எளிதோ? தீர்ப்பினும் பெரிது 2011 மே மாதம் நடைமுறைக்கு வந்த கருவூல விதி என்பதே நம் கருத்து. முந்திய இரு திங்களில் நேரடியாக வரவான உதவித்தொகையை வங்கி தானே கணக்கிட்டு, முடக்காது விடல்வேண்டும் என்பது அவ்விதி. காசோலையாகப் பெற்று இட்ட தொகையையோ, இன்றும் உரியவரே நீதிமன்றத்தில் நிறுவி மீட்கவேண்டும்.