மணிமங்கலமும் உரோமாபுரியும்

தாம்பரத்திற்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள மணிமங்கலத்தை நம்மவர் பலர் இராசகோபாலப் பெருமாள் கோயிலால் அறிவர். அஃது ஒரு பெரும் போர்க்களமாயிருந்ததை அறிந்தோர் சிலரே. உரோமர் சரித்திரத்தை அயலார் கதையென ஒதுக்கும் அன்பர்கள், அதனை இக்களத்தோடு ஒப்பநோக்குவாராயின், அரசியலுக்கும் போருக்கும் உரிய உண்மைகள் சில இனிது விளங்கும்.

சளுக்கிய வேந்தனாகிய இரண்டாம் புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தமையைக் கி. பி. 634-ல் எழுந்த ஐஹொளெச் சாசனம் பெருமையுடன் கூறுகின்றது. அவன் மீண்டும் வந்தபொழுது, முதலாம் நரசிம்மவர்மன் மதிலை நம்பி உள்ளிருந்தானல்லன். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய களங்களிற் பொருது அவனைப் புறங்கண்டான் என்று கூரம் செப்பேடு பகரும். அவ்வளவில் அமையாது, 642-ஆம் ஆண்டளவில் வாதாபியையும் கைக்கொண்டான். இலங்கை இளவரசன் மானவர்மன் அவனுக்குப் போரில் உற்ற துணையாயிருந்தான். அவன் தன் நாட்டை மீட்கப் பல்லவர் படையளித்தனர்.

உரோமர்க்கும் இத்தகைய இடுக்கண் நேர்ந்ததுண்டு. கி. மு. 216-ல் கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபால், கன்னே என்னுமிடத்தில் அவர்தம் பெருஞ்சேனையை ஒரே நாளில் அழித்தான். காப்புவா முதலிய நகரங்கள் அவன்பக்கம் சாய்ந்தன. ஆயினும் உரோமப் பேரவையார் சமாதானம் பேச இசைந்திலர். பேபியஸ் நேர்ப்போரை விலக்கிப் பகைவனை இளைக்கச் செய்தான். சிப்பியோ கி. மு. 204-ல் கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்று, 202-ல் ஸாமாவில் வாகை சூடினான். இலத்தீன் நேசர் பலர் இடுக்கட்காலத்திற் பிரியாது நின்றமையே இவ்வெற்றிக்கு ஆணிவேராம்.

வென்ற பின்னரோ இருவர் வழியும் வேறாயின. பல்லவரும் சளுக்கியரும் தலைமுறைதோறும் பழிக்குப்பழி வாங்கினர். முதலாம் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டு, 674-ல் உறையூரிற் பாசறை அமைத்தான். இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியுட் புகுந்தான். இங்ஙனம் இருவரும் இளைத்தபின், எட்டாம் நூற்றாண்டின் நடுவில் சளுக்கியரை வீழ்த்திய இராட்டிரகூடரும், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பல்லவரை வீழ்த்திய சோழரும், முன்னர் அவ்வவர்க்கு அடங்கியிருந்த சிற்றரசர்களே.

உரோமர்க்கும் அவ்வபாயம் வந்தது. போரிற் குருதி சிந்திய இத்தாலிய நேசர்க்குக் குடியுரிமை மறுக்கப்பட்டமையால், கி. மு. 91-ல் அவர் படையெடுத்தெழுந்தனர். உரோமர் போர்முகத்திலேயே தம் பிழையுணர்ந்து, மறுவாண்டே சட்டமியற்றி அவ்வுரிமையை ஈயத் தொடங்கினர். நேற்றைப் பகைவர் உரோமக் குடிகளாயினர், உரோமாபுரியும் நிலைத்தது.

ஆதலின், மதிலினும் படையினும் வலிய அரண், சுமையைப் பகிர்ந்தோர்க்கு உரிமையையும் பகிர்தலேயாம் என்று யாம் துணிகின்றோம். இஃது அரசர்க்கு மாத்திரம் உரியதன்று. பொருள் தருவோர் ஒருசாராரும் பெயர் பெறுவோர் மற்றொரு சாராருமாயின், எச்சங்கமும் நெடிது வாழாது. நம்மோடு ஒரே தெருவிலும் ஒரே ஏரிக்கரையிலும் வாழும் பிற சமூகத்தாரைத் துணைவராகக் கருதாத சங்கம், மதிலுக்குள் ஒடுங்கிய காஞ்சியையே ஒக்கும். மணிமங்கலம் வழிச் செல்லும் நம் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக.