பஞ்சாங்கத்தில் இல்லாத கோள்

நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் பாடம் சொல்லும் நமக்கு, அண்மையில் ஒரு வழக்கிலே வாதாட வேண்டிய நிலை வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் முதலாவதாக நிற்கும் மாணவி ஒருத்தி. அவளை மேலே படிக்க வைப்பதில்லை என்று தந்தையார் முடிவு கட்டிவிட்டார். காரணம் வறுமையன்று, லாரி ஓட்டிச் சேர்த்த பணம் இருக்கிறது. பெண்ணின் சாதகத்தில் செவ்வாய் தோஷமாம்!

"அதே தோசமுள்ள மாப்பிள்ளை லேசுல அமையுங்களா சார்? அமைஞ்சபோதே முடிச்சுப் போடோணுமுங்க" என்றார் அவர்.

நாம் கேட்டோம்: "செவ்வாயின் சினத்தை அறிந்த உங்கள் சோதிடர், செவ்வாய்க்கு அப்பால் சுற்றும் சில்வியாவை அறிவாரா?"

அவர் விழித்தார். நீங்களும் விழிக்கிறீர்களா, தோழர்களே? அந்தக் கோளை உலகுக்குக் காட்டிய இடம் பாரிசன்று, இலண்டனன்று, நம் சென்னை! நுங்கம்பாக்கம்! ஆண்டு 1866, மே 16.

வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். 1801 சனவரி முதல் நாள், இத்தாலி நாட்டுப் பலெர்மோவில் பியாட்சி என்பார் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சீரீஸ் என்னும் சிறு கோளைக் கண்டார். 1807க்குள் இன்னும் மூன்று கிடைத்தன. பின்னர் 1845 வரை ஒன்றுமில்லை. அதன்பிறகோ வேட்டை விரைவு பெற்றது. 1860 முடிவில் குறுங்கோள்களின் கணக்கு 62 ஆயிற்று. அத்தனையும் மேலை நாட்டார் தம் மண்ணிலிருந்து கண்டவை. ஆசியாவின் பங்கு? ஒன்றுகூட இல்லை.

சென்னையிலே வானாய்வகம் இல்லாமலா இருந்தது? 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அலுவலர் எழும்பூரில் தம் சொந்தப் பொறுப்பில் தொடங்கியது, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் நிலையமாக எழுந்தது. கப்பலுக்கு வழி வேண்டும், கைப்பற்றிய நிலத்துக்கு அளவு வேண்டும் என்பதே கம்பெனியின் முதற்கவலை. ஆயினும் அங்கு நட்ட கருங்கல் தூணிலே தமிழிலும் எழுத்துப் பொறித்தார்கள். அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

1861இல் அந்நிலையத்தின் தலைவராக வந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். நாட்டிங்காமில் பிறந்தவர். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்று உலகம் கையாளும் அளவுகோலை 1856இல் வகுத்தவர் அவரே. வந்த ஆண்டே, ஏப்ரல் 17 அன்று, 67ஆம் குறுங்கோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்ட முதற்கோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டார். சாஃபோ, சில்வியா, கமில்லா, வீரா என்று 1885 வரை மேலும் நான்கு சென்னையில் கிடைத்தன.

எப்படிக் கண்டார்? ஆசிரியராகிய நமக்கு எளிதில் விளங்கும் முறைதான்: வருகைப் பதிவேடு! வானத்தின் ஒரு மூலைக்குரிய விண்மீன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் இல்லாத புள்ளி ஒன்று அகப்பட்டால் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த இரவும் அங்கேயே இருந்தால் அது விண்மீன். இடம் பெயர்ந்திருந்தால் அது கோள். நிழற்படத்தின் துணையால் குறுங்கோள் தேடும் முறை 1891இல்தான் தொடங்கிற்று. போக்சன் சென்னையில் மறைந்ததும் அதே ஆண்டில். ஆகவே அவருக்குத் துணை கண்ணும் பொறுமையுமே.

அவர் கண்ட சில்வியா எத்தகையது? சராசரிக் குறுக்களவு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சேலத்திலிருந்து சென்னைக்கு நேர்கோடு கிழித்தால் அந்த நீளம் வரும். உருண்டையன்று, நீண்ட கிழங்கு போன்ற வடிவம். தன்னைத்தானே சுற்ற 5 மணி 11 நிமிடம். கதிரவனைச் சுற்ற ஆறரை ஆண்டு. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் திருப்பி அனுப்பாத கரிய மேனி. கதிரவனுக்கும் அதற்கும் இடையே சுமார் 52 கோடி கிலோமீட்டர். அங்கே நம்மூர் ஜவ்வரிசி மூட்டையைக் கொண்டுபோய் நிறுத்தால், 90 கிலோ மூட்டை அரைக் கிலோ அளவே எடை காட்டும்!

இதையெல்லாம் யார் நிறுத்துப் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2001இல் அமெரிக்க அறிஞர்கள் சில்வியாவைச் சுற்றும் ஒரு நிலவைக் கண்டார்கள். 2004இல் பிடித்த படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. ரோமுலஸ், ரீமஸ் என்பன அவற்றின் பெயர்கள். இரு நிலவுகளுடைய குறுங்கோள் என்று உலகம் முதன்முதல் அறிந்தது சில்வியாவைத்தான். அதை 2005இல் அறிவித்தார்கள். நிலவு எவ்வளவு தொலைவில், எவ்வளவு விரைவில் சுற்றுகிறது என்பது தெரிந்தால் நடுவிலிருப்பதன் எடையைக் கணக்கிட்டுவிடலாம். நிலவே தராசு! அந்தத் தராசு சொன்னது இது: சில்வியா தண்ணீரைவிடச் சற்றே கனமானது. கஞ்சமலை இரும்புக்கல்லைப் போல அது இறுகிய பாறையன்று. உள்ளே வெற்றிடமோ பனியோ மிகுதியாகக் கலந்திருக்க வேண்டும்.

போக்சன் பெயரோடு இருவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, பல்கலைக்கழகப் படிப்பில்லாமலே வானாய்வகத்தில் உயர்ந்தவர். ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டவர்; 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானவர். பழைய வாய்பாட்டுப் பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துவரவில்லை, கண்ணால் கண்டு திருத்துங்கள் என்று கூறி, அவ்வாறே ஒரு பஞ்சாங்கமும் வெளியிட்டார். அவர் பஞ்சாங்கத்தைத் துறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஏட்டுக்கும் வானுக்கும் வழக்கு வந்தபோது வானத்தின் பக்கம் நின்றார். அதுவே அவர் பெருமை.

மற்றவர் போக்சனின் மகள் ஐசிஸ். 1873 முதல் கால் நூற்றாண்டுக் காலம் அந்நிலையத்தில் கணக்கிட்டு உழைத்தவர். 1886இல் அவர் பெயரை அதே கழகத்துக்கு முன்மொழிந்தார்கள். கழகத்தின் சாசனத்தில் 'அவன்' என்றே எழுதியிருக்கிறது, 'அவள்' என்றில்லை என்று கூறிக் கதவை அடைத்தார்கள்! 1920இல்தான் அது அவருக்குத் திறந்தது. ஒரு சொல் அடைத்த கதவைத் திறக்க முப்பத்து நான்கு ஆண்டுகள்! மூடத்தனம் நம் தெருவில் மட்டும் குடியிருப்பதில்லை, தோழர்களே. அறிஞர் அவையிலும் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தது.

சென்னையில் அணைந்த அந்த விளக்கு நம் பக்கத்து மலையில் மீண்டும் எரிந்தது. 1988 பிப்ரவரி 17 அன்று, சவ்வாது மலைக் காவலூரில் இராசமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டார். 4130 என்ற எண் பெற்ற அதற்கு, ஈரோட்டில் பிறந்த இராமானுசன் பெயரைச் சூட்டினார்கள்.

இன்று நாம் அறிந்த குறுங்கோள்கள் பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. சாதகக் கட்டத்திலோ ஒன்பது பேருக்குத்தான் இடம். உருவமே இல்லாத இராகுவுக்கும் கேதுவுக்கும் அங்கே வீடு உண்டு. இரு நிலவுகளோடு சுற்றும் சில்வியாவுக்குத் திண்ணைகூட இல்லை! இருப்பதை அறியாமல் இல்லாததை எழுதிய கட்டத்தை நம்பியா ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவது?

இவ்வளவும் சொல்லி முடித்தபோது தந்தையார் மறுமொழி கூறாமல் எழுந்து போனார். மறுநாள் அந்த மாணவி கல்லூரி விண்ணப்பத்தோடு வந்தாள். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. பெற்றோர் கையொப்பம் மட்டும் இல்லை. "சில்வியாவைப் பத்தி எங்கப்பா மறுபடி கேட்டாருங்க சார்" என்றாள்.

கேட்கத் தொடங்கிவிட்டார். நாளை மாலை மீண்டும் அந்த வீட்டுக்குப் போகிறோம்.