விந்துக் குருத்தணு ஆய்வும் நம் விசுவாசப் பார்வையும்



குருத்தணு (ஸ்டெம் செல்) ஆய்வு என்றதுமே, "அதைத் திருச்சபை எதிர்க்கிறது" என்று நம்மில் பலர் முடிவுகட்டிவிடுகிறோம். மனிதக் கருவை அழித்து எடுக்கப்படும் குருத்தணுக்களைத்தான் திருச்சபை ஏற்பதில்லை. எல்லாக் குருத்தணுக்களும் அப்படி எடுக்கப்படுபவை அல்ல. ஆணின் உடலிலேயே இருக்கும் விந்துக் குருத்தணுக்களைப் பற்றிய ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இவை எவை?

ஆண் பாலூட்டிகளின் விந்தகத்துக்குள் நூல் போன்ற நுண்ணிய குழாய்கள் உள்ளன. அவற்றின் உட்சுவரை ஒட்டி இக்குருத்தணுக்கள் இருக்கின்றன. இவை பிரிந்து பெருகும்போது சில குருத்தணுக்களாகவே நிலைக்கின்றன; மற்றவை விந்தணுக்களாக முதிர்கின்றன. அவ்வாறு முதிர சுண்டெலியில் ஏறக்குறைய 35 நாள்களும், மனிதரில் ஏறக்குறைய 74 நாள்களும் ஆகின்றன. ஆண் முதுமை வரை தந்தையாக முடிவது இக்குருத்தணுக்களால்தான்.

எலிகளில் தொடங்கிய ஆய்வு

1994இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பிரின்ஸ்டர் குழுவினர், ஒரு சுண்டெலியின் விந்தகச் செல்களை எடுத்து, மலடான வேறொரு சுண்டெலியின் விந்தகக் குழாய்களுக்குள் செலுத்தினர். அங்கே விந்தணுக்கள் உருவாயின. அந்த எலி இயல்பாகவே இணைசேர்ந்து குட்டிகளுக்குத் தந்தையானது. ஆனால் செலுத்திய செல்களிலிருந்து பிறந்த குட்டிகளின் மரபு, செல் கொடுத்த எலியின் மரபாக இருந்தது.

உறையவைத்துப் பாதுகாத்த செல்களும் பயன்தரும் என்பது 1996இல் தெரிந்தது. 2003இல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தினர் சுண்டெலியின் இக்குருத்தணுக்களை ஆய்வகத்தில் பல மாதங்கள் பெருக்கிக் காட்டினர். 2012இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் ரீசஸ் குரங்குகளிலும் இம்மாற்றுமுறை பலன் தருவதை வெளியிட்டனர்.

சிறுவர்களுக்கு ஏன் தேவை?

புற்றுநோய்க்கான கீமோதெரபியும் கதிர்வீச்சும் சில வேளைகளில் விந்துக் குருத்தணுக்களை அழித்துவிடுகின்றன. வளர்ந்த ஆண் சிகிச்சைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம். பருவமடையாத சிறுவனிடம் விந்தணுவே இல்லை; குருத்தணு மட்டுமே உண்டு. எனவே விந்தகத் திசுவில் சிறிதளவை எடுத்து உறையவைத்து, அவன் வளர்ந்தபின் அவனுக்கே திருப்பித் தருவது இந்த ஆய்வின் நோக்கம்.

இதில் ஆபத்தும் உண்டு. இரத்தப் புற்றுநோய் கண்ட எலியின் விந்தகச் செல்கள் வழியாக அந்நோய் மற்ற எலிகளுக்குப் பரவியதை 2001இல் ஒரு ஆய்வு காட்டியது. எடுத்த திசுவில் புற்றுநோய்ச் செல் ஒளிந்திருந்தால், குணமானவருக்கே நோய் திரும்பக்கூடும்.

திருச்சபையின் பார்வையில்

விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1987இலும் 2008இலும் வெளியிட்ட ஏடுகள் நமக்கு வழிகாட்டுகின்றன. அவற்றின் ஒளியில் நான்கு கேள்விகள் கேட்போம்.

முதலாவது, செல் எங்கிருந்து வருகிறது? சிறுவனின் சொந்த உடலிலிருந்து. இதில் கரு எதுவும் அழிவதில்லை. அவனுக்குப் பெருந்தீங்கு நேராதவரை இதற்குத் தடையில்லை.

இரண்டாவது, அது யாருடைய செல்? எலிகளில் கண்டதுபோல், செல் கொடுத்தவரே மரபுவழித் தந்தை. வேறொருவரின் செல்லைப் பெற்றால், குழந்தையின் பிறப்பில் மூன்றாம் ஆள் நுழைகிறார். இதை ஏற்க இயலாது.

மூன்றாவது, குழந்தை எவ்வாறு உருவாகிறது? 2019இல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வில், உறையவைத்த திசு குரங்கின் தோலுக்கடியில் பதிக்கப்பட்டது. அங்கே உருவான விந்தணு தானாக வெளியேற வழியில்லை. ஆகவே ஆய்வகத்தில் கருவுறச் செய்தே ஒரு பெண் குட்டி பிறந்தது. மனிதருக்கு இவ்வழியைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனால் செல்கள் விந்தகக் குழாய்க்கே திரும்பி, தம்பதியரின் இல்லற உறவு வழியாகவே குழந்தை பிறக்குமானால், அது இழந்த ஆற்றலை மீட்கும் மருத்துவம். இல்லற உறவுக்குத் துணைநிற்கும் சிகிச்சையைத் திருச்சபை ஆதரிக்கிறது.

நான்காவது, மரபணு மாற்றப்படுகிறதா? இச்செல்லில் செய்யும் மாற்றம் பிள்ளைகளுக்கும் அவர்களின் வழிவருவோருக்கும் போகும். அதன் ஆபத்துகள் கட்டுக்குள் வராத நிலையில் அது முறையல்ல என்று 2008ஆம் ஆண்டு ஏடு கூறுகிறது.

பெற்றோர் கவனத்திற்கு

மனிதருக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஆய்வு நிலையிலேயே உள்ளது. மகனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், "பிற்காலத்தில் இவன் தந்தையாவதைக் காக்க வழியுண்டா?" என்று சிகிச்சை தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். இப்படிக் கேட்பதில் வெட்கமும் இல்லை, பாவமும் இல்லை. ஆனால் இதற்காக உயிர்காக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தை இறைவனின் கொடை. அதைப் பெறும் உரிமை நமக்கு இருப்பதுபோல் கேட்டுப் பெற முடியாது. அக்கொடையை ஏற்கும் ஆற்றல் நோயால் சிதைந்தால், அதைக் குணமாக்க முயல்வது இரக்கச் செயலே. அம்முயற்சி பலன் தராவிட்டாலும், பிள்ளைப்பேறு இல்லாத மணவாழ்வு இறைவன் முன்னிலையில் எவ்விதத்திலும் குறைந்ததன்று. நம் பங்கில் அத்தகைய தம்பதியரிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்டுப் புண்படுத்தாமல், அவர்களோடு உடனிருப்போம்.