நகலெடுத்து ஒட்டிய நாலு வரி

1938இல் அமெரிக்காவின் லாக்போர்ட் நகரில் பணப்பை தயாரித்த ஒரு நிறுவனத்துக்கு யோசனை ஒன்று தோன்றியது. அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த சமூகப் பாதுகாப்பு அட்டை பைக்குள் எவ்வளவு கச்சிதமாக அடங்கும் என்று காட்ட, பை ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி அட்டையைச் செருகி விற்றார்கள். அளவில் அது உண்மை அட்டையில் பாதிதான். சிவப்பு எழுத்தில் ‘மாதிரி’ என்றும் அச்சிட்டிருந்தது. ஆனால் அதிலிருந்த எண் நிஜம். நிறுவன அதிகாரி ஒருவரின் செயலாளருடையது. வூல்வொர்த் கடைகளில் பை வாங்கியவர்கள் அதையே தங்கள் எண்ணாக எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1943இல் அந்த ஒரே எண்ணைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் 5,755 பேர்.

மென்பொருள் கையேடுகளிலும் இதே கூத்துதான் நடந்து வந்திருக்கிறது. விளக்கம் பத்துப் பக்கம் இருந்தாலும் வாசிப்பவரின் கண் போவது நடுவில் பெட்டி கட்டிப் போட்ட நாலு வரிக்கு. அதை நகலெடுத்து கான்ஃபிக் ஃபைலில் ஒட்டுகிறார், சர்வர் எழுந்துகொள்கிறது, அத்தோடு மறந்துவிடுகிறார்.

வயர்லெஸ் கருவிகளுக்கான கையேடுகளில் பல காலம் 1.1.1.1 என்ற முகவரி மாதிரியாக இருந்தது. எழுத எளிது, யாருக்கும் ஒதுக்கப்படாதது, எனவே ஆபத்தில்லை என்ற நினைப்பு. 2010 ஜனவரியில் 1 என்று தொடங்கும் முகவரித் தொகுதி ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது. அந்த மாதக் கடைசியில் ஐரோப்பிய முகவரிப் பதிவகமான ரைப் என்.சி.சி. சோதனைக்காக 1.1.1.1 முகவரியை இணையத்தில் அறிவித்துப் பார்த்தது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த 10 மெகாபிட் இணைப்பு அப்படியே நிரம்பி வழிந்தது. எங்கெங்கோ யார் யாரோ ஒட்டி வைத்த வரிகளெல்லாம் அந்த முகவரியைத் தேடி வந்துகொண்டிருந்தன. 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் தன் டி.என்.எஸ். சேவையை அதே முகவரியில் தொடங்கியபோதும், சில இடங்களில் பழைய கருவிகள் அதைத் தமக்கே வைத்துக்கொண்டு வெளியே விட மறுத்தன.

இதற்கு இணையத் தரக்குழுவினர் கண்ட வழி, யாருக்கும் சொந்தமாகாத பெயர்களையும் எண்களையும் ஒதுக்கி வைப்பது. 1999 ஜூனில் எக்ஸாம்பிள் டாட் காம் அப்படி ஒதுக்கப்பட்டது. 1.1.1.1 சோதனை நடந்த அதே 2010 ஜனவரியில், 192.0.2 என்று தொடங்குவது உட்பட மூன்று முகவரித் தொகுதிகள் ஆவணங்களுக்கு மட்டுமே என்று ஆர்.எஃப்.சி. எனப்படும் இணைய ஆவணம் ஒன்று வரையறுத்தது. இனி மாதிரியை ஒட்டினாலும் யார் வீட்டுக் கதவையும் அது தட்டாது. ஆனால் தீங்கு செய்யாத மாதிரி, சரியாக ஓடும் மாதிரியாகவும் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மாதிரி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் வேலை இன்னும் முன்பே தொடங்கியிருந்தது. 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகம், தன் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் புத்தகத்தின் மூலப் பிரதியிலிருந்தே நேரடியாகச் சோதிக்கப்பட்டவை என்று முன்னுரையில் அறிவித்தது. அந்த ஒரு வரியின் அருமை, நிரலை யாரோ தட்டச்சு செய்து, யாரோ அச்சுக் கோத்து, நடுவில் ஒரு அரைப்புள்ளி காணாமல்போன புத்தகங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும். 1999இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதிய டாக்டெஸ்ட் இதே எண்ணத்தை எல்லாருக்கும் எளிதாக்கியது. விளக்கத்துக்குள் ஒட்டிய கட்டளை-விடை உரையாடலை அது மறுபடி ஓட்டிப் பார்த்து, விடை மாறியிருந்தால் குரல் கொடுக்கும். பின்னால் வந்த கோ, ரஸ்ட் மொழிகள் இந்த வசதியைத் தங்கள் கருவிகளிலேயே சேர்த்துக்கொண்டன.

நிரலுக்குச் சரி. கான்ஃபிக் வேறு சாதி. அது எப்போதும் துண்டு. முழு ஃபைலில் எங்கே உட்காருகிறது, எந்த மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிறது, எந்தப் பதிப்பு என்பதையெல்லாம் பொறுத்தே அதற்கு அர்த்தம். அப்பாச்சி வெப் சர்வரின் கதை இதற்கு நல்ல சாட்சி. ‘ஆர்டர் அலவ்,டினை’, ‘அலவ் ஃப்ரம் ஆல்’ என்ற இரண்டு வரிகளை ஒரு தலைமுறை நிர்வாகிகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 2012 பிப்ரவரியில் வந்த 2.4 பதிப்பு அவற்றுக்குப் பதில் ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்ற ஒரே வரியைக் கொண்டுவந்தது. பழையதைப் புரிந்துகொள்ளும் மாட்யூல் இல்லாவிட்டால் சர்வர் கிளம்பாது. அது பரவாயில்லை, தவறு உடனே முகத்தில் அடிக்கும். மாட்யூல் இருந்து, பழையதும் புதியதும் கலந்தால்தான் தலைவலி: சர்வர் கிளம்பும், பார்க்க வருபவருக்கு அனுமதி இல்லை என்று 403 காட்டும்.

இன்னொரு வெப் சர்வரான எஞ்சின்-எக்ஸின் அனுபவம் இன்னும் மோசம். ‘டாட் பிஎச்பி’ என்று முடியும் எந்தக் கோரிக்கையையும் பிஎச்பிக்கு அனுப்பு என்ற சிறு துண்டு எத்தனையோ வழிகாட்டிகளில் இருந்தது. 2010இல் அதன் ஓட்டை அம்பலமானது. ஒருவர் photo என்ற பெயரில் ஒரு ஜேபெக் படத்தை ஏற்றுகிறார், அதற்குள் பிஎச்பி நிரலை ஒளித்து வைத்து. பிறகு அந்தப் படத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, ‘எக்ஸ் டாட் பிஎச்பி’ என்று இல்லாத ஒரு ஃபைலின் பெயரைச் சேர்த்து அழைக்கிறார். முடிவைப் பார்த்து எஞ்சின்-எக்ஸ் பிஎச்பியிடம் தள்ளிவிடுகிறது. பிஎச்பி தேடுகிறது, அந்த ஃபைல் இல்லை. முகவரியில் ஒரு படி பின்னால் நகர்ந்து பார்க்கிறது, படம் இருக்கிறது. படத்தையே நிரலாக ஓட்டிவிடுகிறது. கான்ஃபிக்கைச் சரிபார்க்கும் எஞ்சின்-எக்ஸின் ‘டேஷ் டி’ சோதனை இந்தத் துண்டைச் சரி என்றுதான் சொல்லும். இலக்கணத்தில் பிழையே இல்லை. இரண்டு மென்பொருள்களும் தத்தம் கையேட்டின்படியே நடந்துகொண்டன. இரண்டையும் முடிச்சுப் போட்ட மாதிரியில்தான் பொத்தல். 2012 ஜனவரியில் வந்த பிஎச்பி 5.3.9, குறிப்பிட்ட பின்னொட்டுள்ள ஃபைல்களை மட்டுமே ஓட்டும் கட்டுப்பாட்டை, வெப் சர்வருக்காக பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம்மில் சேர்த்தது.

கான்ஃபிக் துண்டுகளையும் சோதிக்க வழி உண்டு. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் திட்டம் தன் ஆவணத் தளத்தின் யாமல் மாதிரிகளைத் தனி ஃபோல்டரில் வைத்து, அவற்றை ஏபிஐ விதிகளோடு ஒப்பிடும் சோதனை நிரலையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. பக்கத்தில் தெரிவதும் சோதிக்கப்படுவதும் ஒரே ஃபைல். இப்படிச் சோதிக்கப்படாத துண்டுகளின் கதி 2019 செப்டம்பரில் 1.16 பதிப்பு வந்தபோது தெரிந்தது. டிப்ளாய்மென்ட்டின் பழைய பீட்டா ஏபிஐ பதிப்பு அதில் நீக்கப்பட்டது. வெளியே சிதறிக் கிடந்த பழைய பயிற்சிக் கட்டுரைகளின் துண்டுகள் ஒரே நாளில் செல்லாக்காசாயின. பலர் முதல் வரியில் பதிப்பை மாற்றிச் சமாளித்தார்கள். 2021 ஆகஸ்டில் வந்த 1.22 பதிப்பில் இன்கிரஸுக்கு அந்தச் சமாளிப்பும் எடுபடவில்லை: ஒரே வரியாக இருந்த சர்வீஸ் பெயர் புதிய வடிவில் உள்ளே ஒரு படி இறங்கியிருந்தது, போர்ட் எண் இரண்டு படி.